அந்துப்பூச்சி எங்கூட்டுது இல்லீங்க

தம்பி, அந்த மருந்து டப்பாவைக் கொண்டு உள்ள வராதீங்க. அதை வெளிய வெச்சுட்டு நீங்க மட்டும் வாங்க. இந்த முக்காலியில உக்காருங்க. காலைக் கொஞ்சம் ஒடுக்கி வெச்சுக்கோங்க, ஆமா, அப்படித்தான். டீ போட்டிருக்கறேன். குடிங்க. குடிச்சுட்டு நான் சொல்றதைக் கேட்டுட்டு, அப்பறமும் எங்கூட்டுல மருந்து அடிக்கோணும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா அப்பப் பாக்கலாம்.

செக்ரட்டரிதானே அனுப்பினாரு? 'ரெண்டாவது மாடி, மூணாம் நம்பரு, அங்கிருந்துதான் எல்லாம் கெளம்புது, அங்க நல்லா அடிங்க'ன்னு சொல்லியிருப்பாரே. சொல்லுவாரு. அவரு வேட்டியில ஓட்டை விழுந்ததுக்கும் நாந்தான் காரணம்னு சொன்ன மனுசன். வேட்டி பருத்திங்க தம்பி. அந்துப்பூச்சி பருத்தியைத் திங்குமா? நீங்களே இந்தத் தொழில்ல இருக்கறீங்க, நீங்களே சொல்லுங்க. கம்பளியைத் திங்கும், பட்டைத் திங்கும். அவரு வேட்டியை அவரு சிகரெட்டு தின்னிருக்கும்.

தும்மறீங்களே. அது ரோட்டுத் தூசி. எங்கூட்டுல தூசி கெடையாதுங்க.

என் பேரு கோகிலவாணி. எங்கூட்டுக்காரரு சென்னியப்பன். பம்புசெட்டுக் கம்பெனியில இருந்து ரிட்டயர்டு ஆயிட்டாரு. ஒரே பையன் நவநீதன், புனேல இருக்கறான். ஆக இந்த ஊட்டுல ரெண்டே பேருதான். ரெண்டு பேருக்கு எதுக்கு இத்தனை மூட்டைன்னு நீங்க கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லீர்றேன். நான் நூல் நூக்கறவ. பஞ்சுல இல்லீங்க, ஆட்டு ரோமத்துல.

கோயமுத்தூர் வெயில்ல கம்பளி நூலை வெச்சு என்ன பண்றதுன்னுதானே முளிக்கறீங்க? எல்லாருமே அப்படித்தான் முளிக்கறாங்க. கோத்தகிரியில எங்க சொந்தத்துல ஒரு ஒறம்பரை ஊட்டு புதுமனை புகுவிழாவுக்குப் போனமுங்க. ரோட்டோரத்துல ஒரு பட்டியில ஆட்டுக்கு ரோமம் வெட்டிட்டிருந்தாங்க. வெட்டி வெட்டி மேகத்தைக் குமிச்சு வெச்ச மாதிரி வெச்சிருந்தாங்க. பட்டிக்கார அம்மா ஒரு கை அள்ளி எங்கையில குடுத்துச்சு. தம்பி, அது உள்ளங்கையில இருந்தா உசுரு இருக்கற மாதிரி சூடு ஏறுதுங்க. நான் அங்கியே நின்னுட்டேன். விருந்துக்கு நேரமாச்சுன்னு எங்கூட்டுக்காரரு கூப்படறாரு, எனக்குக் காதுலயே விழுகலை. வரும்போது ஒரு மூட்டை வாங்கிட்டு வந்தேன். ஒண்ணே ஒண்ணு. பஸ்ஸுல அவரு மடியில வெச்சுட்டு வந்தாரு.

அப்பறம் போன்ல வீடியோ பாத்துப் பாத்து, கையில சுத்தற தக்ளியில நூக்கப் பழகினேன். நவநீதன் ஒரு சக்கரம் வாங்கி அனுப்பினான், கால்ல மிதிக்கறது. அது வந்தப்பறம் என்னை யாரும் புடிக்க முடியலைங்க. என்ன பின்னறீங்க, ஸ்வெட்டரா சால்வையான்னு எல்லாரும் கேக்கறாங்க. பின்னறது வேற ஆளுக வேலை. நூக்கறதோட என் வேலை முடிஞ்சுது. நூத்த நூலையும் வெக்கோணும், நூக்காத ரோமத்தையும் வெக்கோணும், அதுக்குத்தான் எடம் பத்தலை.

நல்லாப் புரிஞ்சுக்கோங்க தம்பி. ரோமம் சாஸ்தி கெடையாது. ஊடு சிறுசு. ரெண்டும் வேற வேற விசயம். ஆனா எல்லாரும் மொதல்ல சொன்னதையேதான் சொல்றாங்க. பில்டரு சதுரடிக் கணக்கு சொல்லும்போது படிக்கட்டு, லிஃப்ட்டு, வாட்ச்மேன் ரூம் எல்லாத்தையும் நம்ம தலையில கட்டீட்டுப் போயிட்டான். நியாயமாப் பாத்தா வாட்ச்மேன் ரூமுல கொஞ்சம் எனக்குச் சொந்தம். அங்கயும் ஒரு மூட்டை கேட்டுப் பாத்தேன், வாட்ச்மேன் ஒத்துக்கலை.

மொதல்ல நவநீதன் ரூமுலதான் வெச்சேன். அவன்தான் ஊருலயே இல்லையே. இப்ப அவனும் மருமகளும் வந்தா ஓட்டல்ல தங்கிக்கறாங்க. ஏசி பழகிருச்சு, பாவம். அப்பறம் லாஃப்ட்டு. அப்பறம் கட்டிலுக்குக் கீழ. அப்பறம் கட்டிலு மேல. எங்கூட்டுக்காரரு ஹாலுக்குப் படுக்க வந்துட்டாரு. அவருக்குக் காத்து வேணும்ங்க, எப்பவுமே காத்துதான் கேப்பாரு. ஹாலுலயும் மூட்டை வந்தப்பறம் சாயங்காலமானா மொட்டை மாடிக்குப் போயிருவாரு. அங்க நாலஞ்சு பெரியவங்க ரம்மி ஆடுவாங்க. சோத்துக்குத்தான் எறங்கி வருவாரு. நானும் நிம்மதியா நூத்துட்டிருப்பேன்.

பூச்சி விசயத்துல நான் நொம்ப சுத்தம்ங்க. புது ரோமம் வந்தா பையில கட்டி ஃப்ரீசர்ல வெச்சிருவேன். ரெண்டு வாரம் அந்தக் குளுருல கெடந்தா பூச்சி, முட்டை எல்லாம் செத்துப் போகும். இது எத்தனை பேருக்குத் தெரியும் சொல்லுங்க. எங்கூட்டுக்காரரு ஐஸ் எடுக்கறதுக்குத் தொறந்தா ஆடுதான் இருக்கும். மீதிப் பை கீழ ஃப்ரிட்ஜுலயும் ஏறிரும், தோசை மாவு வெளியில கெடந்து புளிச்சுப் போகும். கொஞ்சம் புளிச்சாத்தான் தோசை நல்லாருக்கும்னு சாப்பிட்டுக்குவாரு. அவரு எதுக்குமே மூஞ்சி சுளிக்க மாட்டாரு. அப்படி இருக்கற மனுசனை எப்படிப் பேச வெச்சாங்க பாருங்க இந்த அப்பார்ட்மெண்ட்டுக்காரங்க.

எதுத்தாப்பல இருக்குதே, அந்த ஊடு பரிமளத்தக்காளுது. ஊட்டுக்காரரு காலமாகி நாளாச்சு. மக பிரசவத்துக்கு மஸ்கட்டுக்குப் போனாங்க. போகும்போது சாவியை எங்கிட்டக் குடுத்து, 'கோகிலா, தொளசிக்குத் தண்ணி ஊத்து, வெள்ளிக்கெழமை வெளக்கு ஏத்து'ன்னாங்க. நான் ஏத்தினேன். ஒரு வெள்ளிக்கெழமை தவறலை. அது மட்டும் யாரும் பேசறதில்லை.

அந்தச் சமயத்துல எங்கூட்டுக்கு ஒறம்பரை வர்றதா இருந்துச்சு. உக்கார எடம் வேணுமில்லைங்களா? ஒரு நாளைக்கு மட்டும்னு நாலு மூட்டையை அங்க வெச்சேன். ஒறம்பரை வந்துட்டுப் போயிட்டாங்க. மூட்டையைத் திருப்பி எடுக்கலாம்னு போறேன், அந்த ஊடு என்ன விசாலமா இருக்குது தெரியுங்களா? எங்கூட்டு அளவுதான். அதே பில்டரு. ஆனா உள்ள போனா மூச்சு நல்லா வருது. ஆளில்லாத ஊட்டுல நாலு சாமான் இருந்தாத்தான ஊடு ஊடா இருக்கும்னு உட்டுட்டேன். எங்கூட்டுக்காரரு ஒரு தடவை சொன்னாரு, ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு வெக்கலாமேன்னு. பச்சப்புள்ளையை வெச்சுட்டு இருக்கறவங்களை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு நாந்தான் கேக்கலை. அவங்க நல்லதுக்குத்தான்.

அப்பறம் ஒரு கரூர்க்காரன் போன் பண்ணினான். பழைய குடோன்ல குறும்பை ஆட்டு ரோமம் கெடக்குது, காலி பண்றாங்க, மொத்தமா எடுத்துக்கறீங்களான்னான். குறும்பை ஆட்டு ரோமம் மொரடுதான், ஆனா நூல் நிக்கும் பாருங்க, கம்பி மாதிரி. எடுத்துக்கறேன்னேன். டெம்போவுல வந்து எறங்குச்சு. அந்த லோடை மட்டும் ஃப்ரீசர்ல வெக்க முடியலை, ஃப்ரீசர் நெறைஞ்சு கெடந்துச்சு. நேரா பரிமளத்தக்கா ஊட்டுக்கே கொண்டு போய் எறக்கிட்டேன். பீரோ பக்கத்துல செவுத்தோரமா அடுக்கினேன். மூட்டையத் தட்டினா மாவு மாதிரி ஏதோ கொட்டுச்சு. பழைய சரக்குன்னா கொட்டத்தான் செய்யும். சின்னச் சின்னதா நாலஞ்சு பறந்துச்சு. லைட்டைப் பாத்து வந்திருக்கும்.

ஏன் தம்பி சிரிக்கறீங்க? டீ சூடா இருக்குதா?

மளைக்காலம் முடிஞ்சு பரிமளத்தக்கா சொல்லாம கொள்ளாம வந்து நின்னுட்டாங்க. பேத்திக்குக் காது குத்தறாங்களாம், மக, மருமகன் எல்லாரும் பின்னால வர்றாங்களாம். சாவியை வாங்கித் தொறந்தாங்க. நான் பின்னாலயே போனேன், எங்கூட்டுக்காரரும் பொட்டியைத் தூக்கிட்டு வந்தாரு. அக்கா ஊட்டுக்குள்ள நின்னு சுத்திப் பாத்தாங்க. பதினஞ்சு மூட்டையைப் பாத்தா யாருக்கும் கொஞ்சம் ஆச்சரியமாத்தான் இருக்கும். நேராப் போய் பீரோவைத் தொறந்தாங்க. கல்யாணத்துக்கு எடுத்த கூறைப் பட்டு. அதை எடுத்து உதறுனாங்க பாருங்க, வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிஞ்சுது. சல்லடை மாதிரி.

அக்கா அப்படியே கட்டில்ல உக்காந்துட்டாங்க. அழுகலைங்க. சேலையை மடியில வெச்சுட்டு, ஓட்டை ஓட்டையா விரலை உட்டுப் பாத்துட்டிருந்தாங்க. அப்பறம் மெதுவாக் கேட்டாங்க, இதெல்லாம் யாரு கொண்டாந்து வெச்சதுன்னு.

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள எங்கூட்டுக்காரரு முன்னால வந்துட்டாரு.

"நாந்தானுங்க வெச்சேன். எங்கூட்டுல எடம் பத்தலைன்னு நாந்தான் கொண்டாந்து போட்டேன். கோகிலாவுக்குத் தெரியாது."

எனக்குச் சிரிப்பே வந்துருச்சுங்க. இவரா? முதுகு வலிக்காரரு. ஒரு மூட்டையைத் தூக்கச் சொன்னா அதுக்கு முன்னால பத்து தடவை பெருமூச்சு உடறவரு. ஏன் அப்படிச் சொன்னாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கலை. ஆம்பளை ஒண்ணு சொல்லும்போது குறுக்க பேசறது நல்லாருக்காதுன்னு நானும் சும்மா இருந்துட்டேன்.

கீழ கார் நிறுத்தற எடத்துல பிளாஸ்டிக் சேர் போட்டு மீட்டிங் வெச்சாங்க. செக்ரட்டரி பேசினாரு பேசினாரு, அப்படிப் பேசினாரு. ஆளாளுக்கு அவங்கவங்க ஊட்டுல எது எது ஓட்டையாச்சோ அத்தனையும் கொண்டாந்தாங்க. ஒருத்தரு கொசுவலையக் கொண்டாந்தாரு. எங்கூட்டுக்காரரு கையைக் கட்டிட்டு நின்னாரு. ஆமாங்க, தப்புத்தானுங்க, எடுத்தர்றேனுங்கன்னு எல்லாத்துக்கும் அதையே சொன்னாரு. எனக்கு எந்திரிச்சு ஒண்ணு கேக்கோணும்னு நாக்கு துடிச்சுச்சு. பூச்சி அக்காளோட பட்டுல இருந்து என் ரோமத்துக்கு வந்துச்சா, என் ரோமத்துல இருந்து பட்டுக்குப் போச்சான்னு யாரு பாத்தா? என் சரக்குலயும் ரெண்டு மூட்டை போச்சுங்க. அதுக்கு யாருகிட்டப் போய் நான் மீட்டிங் கூட்டறது? அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. வேண்டாங்கற மாதிரி தலையை ஆட்டினாரு. சரின்னு உட்டுட்டேன்.

கரூர் லோடு அத்தனையும் அவரு தம்பியோட தென்னந்தோப்புக்குப் போயிருச்சு. தென்னைக்கு அடியில போட்டா ஈரம் நிக்குமாம். நல்ல மூட்டையெல்லாம் திருப்பி இங்கயே வந்துருச்சு. சேலையை அவருதான் டவுன்ஹால் பக்கம் ஓட்டையை இழை கோத்துத் தெக்கற ஆளுகிட்டக் கொண்டுட்டுப் போனாரு. நாலு தடவை நடந்தாரு. முழுசாச் சரியாகலை. கொசுவத்துல மறைச்சுக் கட்டிட்டு அக்கா காது குத்துக்கு நின்னாங்க. நானும் போயிருந்தேன். சாப்பாடு நல்லாருந்துச்சு.

அதுக்கப்பறம்தான் தம்பி, எனக்குத் தொந்தரவு. ரம்மி ஆடறவங்க இவரைக் கூப்படறதை நிறுத்திட்டாங்க. இவரு மொட்டை மாடிக்குப் போனா அவங்க பேச்சை நிறுத்தறாங்களாம். போறதில்லை. ஊட்டுக்குள்ள உக்காரலாமுன்னா, திருப்பி வந்த மூட்டைகளால சேரைப் போட எடமில்லை. சேரை மடக்கி பாத்ரூம் கதவுக்குப் பின்னால வெச்சுட்டோம். அதனால படிக்கட்டுல போய் உக்காந்துக்கறாரு. ஒண்ணாவது மாடிக்கும் ரெண்டாவது மாடிக்கும் நடுவுல திரும்புதில்லைங்க, அந்த எடம். பேப்பரை அங்க வெச்சுப் படிக்கறாரு. போறவங்க வர்றவங்க அவரைச் சுத்திட்டுப் போறாங்க. நான் ஒரு நாள் மூட்டையோட ஏறி வர்றேன், வழியில உக்காந்திருக்கறாரு. சித்த ஒதுங்குங்கன்னேன். ஒதுங்கினாரு. ஒரு கை குடுத்துத் தூக்கியும் உட்டாரு.

ஒரு நாள் பரிமளத்தக்கா ஏறி வந்தாங்க. நான் கதவுக்கு இந்தப் பக்கம் ரோமத்தைச் சிக்கெடுத்துட்டிருந்தேன், எனக்கு எல்லாம் கேக்குது.

"அண்ணா, எந்திரிச்சு உள்ள வாங்க. மூட்டையை வெச்சது யாருன்னு எனக்குத் தெரியாதுங்களா? உங்க ஊட்டுல உங்களுக்கே எடமில்லை. நீங்க எங்க இருந்து எங்கூட்டுல எடம் புடிச்சீங்க?"

அவரு எந்திரிச்சு அக்கா பின்னால அவங்க ஊட்டுக்குப் போற சத்தம் கேட்டுச்சு. பாத்தீங்களா, அவருக்குப் பொய் சொல்லவே வரலை. நான் சொல்லியிருந்தா யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்க.

அன்னிக்கிருந்து அவரு பேப்பரு அங்க. மறுநாள் கண்ணாடி அங்க. அப்பறம் ரேடியோ அங்க போச்சு. அக்காளும் அவங்க ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைகளும் இவருமா உக்காந்து பேசிட்டிருக்கறாங்க. ஒவ்வொரு சாமானா அந்த ஊட்டுல போய்ச் சேருது. அடுத்தவங்க ஊட்டுல நம்ம சாமானை வெக்கறது என்ன பழக்கம், நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்கன்னு அவருகிட்டயே கேட்டேன். அவரு என்னையே ரொம்ப நேரம் பாத்தாரு. அவரு பாக்கறதெல்லாம் அப்படித்தான், அர்த்தமே இருக்காது.

எனக்கு என்ன வருத்தம்னா, அக்கா காப்பியில சக்கரை சாஸ்தி. இவருக்குச் சக்கரை வியாதி. அது ஒண்ணுதான். வேற எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா தம்பி, சாயங்காலம் சக்கரத்தை மிதிச்சுட்டே இருப்பேன், எதுத்த ஊட்டுல இருந்து அவரு சிரிக்கற சத்தம் வரும். அவரு சத்தமாச் சிரிப்பாருங்கறதே எனக்கு மறந்து போச்சுங்க. நூல் அறுந்துரும். மறுபடி ஒட்டுவேன். மறுபடி சிரிப்பாரு, மறுபடி அறுந்துரும். அந்த வாரம் நூத்த நூலெல்லாம் ஒரே முடிச்சு.

கடைசியில போய்க் கூப்பிட்டேன். ஏனுங்க, ஊட்டுக்கு வந்து உக்காருங்கன்னு. அவரு கோவமெல்லாம் படலை.

"ஒரு சேர் போட எடம் குடு கோகிலா. வர்றேன்."

ஒரு சேருங்க தம்பி. சொல்றதுக்குச் சின்னதா இருக்குது. நான் வந்து ஊட்டைச் சுத்திச் சுத்திப் பாத்தேன். எதை எடுக்கறது? அந்த வெள்ளை மூட்டை கோத்தகிரியில மொத நாள் வாங்கினது, அதைத் தொடக்கூடாது. அது பக்கத்துல இருக்கறது கறுப்பு, கறுப்பு ரோமம் கெடைக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுங்களா? அது மேல இருக்கறது குட்டி ஆட்டோட மொத வெட்டு, அது மாதிரி அந்த ஆட்டுக்கே இன்னொரு தடவை வராது. ஒவ்வொண்ணையும் எறக்கி, தொட்டுப் பாத்து, மோந்து பாத்து, மறுபடி மேல வெச்சேன். ஒரு மூட்டையைப் படி வரைக்கும் இழுத்துட்டே போயிட்டேன். போயிட்டு அங்க நின்னு அதைக் கட்டிப் புடிச்சுட்டு அழுதேன். வாட்ச்மேன் பாத்துட்டு, மூட்டைக்குள்ள என்னங்கம்மான்னு பயந்து கேட்டான். திருப்பி உள்ள இழுத்துட்டு வந்துட்டேன்.

ரெண்டு நாள் சோறு எறங்கலை. அப்பறம் ஜன்னலோரமாப் பாக்கறேன். ஊட்டுலயே வெளிச்சமும் காத்தும் வர்ற எடம் அது ஒண்ணுதான். அங்க என்ன இருக்குது? என் சக்கரம்.

எடுத்துட்டேன் தம்பி. கழட்டி, துணி சுத்தி, பால்கனிக்கு மேல கொக்கி அடிச்சு மாட்டிட்டேன். இப்பத் தக்ளியிலதான் நூக்கறேன், சமையக்கட்டுல, அடுப்புப் பக்கத்துல நின்னுட்டே. சக்கரத்துல ஒரு நாள்ல நூக்கறதை இதுல நூக்க ஒரு வாரமாகுது. குழம்பு வாசம் நூல்ல ஏறிப் போகுது. மூட்டை காலியாகறதுக்கு இன்னும் எத்தனை வருசமாகும்னு கணக்குப் போட்டுப் பாத்தேன், போட்டுட்டு உட்டுட்டேன். ஆனா ஒரு பிடி ரோமத்தை நான் வெளிய அனுப்பலைங்க. அப்படிப் பாத்தா எனக்கு நட்டமில்லை.

சேரைக் கொண்டாந்து ஜன்னலோரம் போட்டு, தொடைச்சு, போய் அவரைக் கூட்டிட்டு வந்தேன். பரிமளத்தக்காளும் வாசல் வரைக்கும் வந்து பாத்தாங்க. பாத்துட்டு என் தோளை ஒரு தட்டு தட்டிட்டுப் போனாங்க. அவரு சேரைப் பாத்தாரு. சக்கரம் இருந்த எடத்தைப் பாத்தாரு. பால்கனியில அது தொங்கறதைப் பாத்தாரு. பேப்பரையும் ரேடியோவையும் அவரே போய் எடுத்துட்டு வந்தாரு.

உக்காந்தாரு. முன்னால மூட்டை இருக்கறதால முளங்காலு நெஞ்சுக்கு வந்துருச்சு. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டு, காலை நீட்டிக்கலாமான்னு கேட்டாரு. எங்க நீட்டறதுன்னேன். மூட்டை மேலன்னாரு. தம்பி, அது கோத்தகிரி வெள்ளை. வேற யாராவது அதைக் கேட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது. காலைக் கழுவிட்டு வந்து நீட்டுங்கன்னேன். போய்க் கழுவிட்டு, தொடைச்சுட்டு வந்து நீட்டினாரு. கண்ணை மூடிட்டாரு.

"நல்லாத்தான் இருக்குது கோகிலா. சூடா, மெத்துன்னு."

இத்தனை வருசத்துல என் ரோமத்தைப் பத்தி அவரு வாயில இருந்து வந்த மொத நல்ல வார்த்தைங்க. சமையக்கட்டுக்குப் போய் நின்னுட்டேன். ஆனா அந்த வெள்ளை மேல தினமும் காலை வெச்சா அமுங்கிப் போகுமில்லைங்களா? அதனால அன்னிக்கே கோத்தகிரிக்குப் போன் போட்டு இன்னொரு மூட்டை சொல்லிட்டேன். இது எனக்கில்லைங்க தம்பி. அவரு காலுக்கு.